பகலில் விளக்கு எரிந்த கார்

ஐம்பதுகளின் நடுவில் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் சொந்தமாகக் கார் வைத்திருந்தார் என்றால் இன்றைக்கு யாரும் நம்ப மாட்டார்கள். அன்றைக்கும் நம்பவில்லை. நான் வைத்திருந்தேன். சிறுமலையில் எஸ்டேட் வைத்திருந்த ஒருவர் புதுக் கார் வாங்கியதும் பழையதைக் கொட்டகையில் தள்ளிவிட்டார். அதில் கோழிகள் அடைந்துகொண்டிருந்தன. கோழிகளை விரட்டிவிட்டு நான் அதை மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தேன். முப்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செய்த வண்டி. உயரமான கூடு, கம்பி ஆரங்கள் வைத்த சக்கரம், முன்னால் கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி இரண்டு பெரிய லைட்டுகள். ஹெட்மாஸ்டர் சைக்கிளில் வரும் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வாத்தியார் காரில் போனால் என்ன நடக்குமோ அது நடந்தது. அந்தக் கதை இங்கே வேண்டாம்.

அந்தக் காரில் என்னைப் பைத்தியமாக அடித்தது டைனமோ. எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கிப் பாட்டரிக்கு அனுப்புகிற உருளை. இப்போதைய வண்டிகளில் பாட்டரி நிறைந்ததும் டைனமோ தானே அடங்கிக்கொள்ளும். என் வண்டிக்கு அந்த நாகரிகம் கிடையாது. பாட்டரிக்கு வேண்டுமோ வேண்டாமோ, அது பாட்டுக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும், விருந்தாளியின் இலையைப் பார்க்காமல் சோறு போடுகிற ஆள் மாதிரி. கோடை விடுமுறையில் பகலெல்லாம் வண்டியை ஓட்டினேன். பாட்டரி கொதித்தது. பாட்டரி இருந்தது முன்சீட்டின் காலடிப் பலகைக்குக் கீழே. அங்கிருந்து ஆசிட் ஆவி வந்து என் மனைவியின் சேலை ஓரத்தில் விழுந்தது. சின்னாளப்பட்டிச் சுங்குடி. புதுசு.

"சுங்குடின்னா புள்ளி இருக்கும்தான். இதுல ஓட்டையே புள்ளியா இருக்கு" என்று அவள் சேலையை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். நான் ரசித்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த ராவுத்தர் என் சிநேகிதர். அவர்தான் டைனமோவின் பின்பக்கத்துத் தகட்டைக் கழற்றிக் காட்டினார். உள்ளே சுழலும் செம்பு வளையத்தின்மேல் மூன்று கரித்துண்டுகள் உரசிக்கொண்டிருந்தன. பிரஷ் என்பது அவற்றின் பெயர். இரண்டு பிரஷ்கள் மின்சாரத்தை வெளியே கொண்டுபோகின்றன. மூன்றாவதுதான் முதலாளி. எவ்வளவு உண்டாக வேண்டும் என்று தீர்மானிப்பது அது. அதைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தி, வளையம் சுற்றுகிற பக்கமாகத் தள்ளினால் மின்சாரம் கூடும். எதிர்ப்பக்கம் தள்ளினால் குறையும்.

"பகல்ல ஓட்டுனா பின்னால தள்ளுங்க. ராத்திரி லைட்டுப் போட்டு ஓட்டுனா முன்னால தள்ளுங்க. முன்னால ரொம்பப் போயிராதீங்க வாத்தியாரே, டைனமோ வெந்துரும்" என்றார்.

எனக்கு ஒரே கொண்டாட்டம். ஒரு கரித்துண்டை நகத்தளவு நகர்த்தினால் காரின் குணமே மாறுகிறது! டேஷ் போர்டின் நடுவில் ஒரு சின்ன மீட்டர் உண்டு. பாட்டரிக்கு மின்சாரம் ஏறினால் முள் வலப்பக்கம் சாயும், இறங்கினால் இடப்பக்கம். ஒரு வாரம் பூராவும் பிரஷ்ஷைத் தள்ளுவதும் ஓட்டிப் பார்ப்பதும் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுமாகவே திரிந்தேன். வேகமாகப் போனால் நிறைய ஏறும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நடுத்தர வேகத்தில்தான் அதிகம் ஏறுகிறது, பறந்தால் குறைகிறது. இதைக் கண்டுபிடித்த அன்று சாப்பாட்டையும் மறந்துவிட்டேன். என் மனைவியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "சரி, கையக் கழுவிட்டு வாங்க" என்றாள்.

ஆனால் காரை எடுக்கிறபோதெல்லாம் கீழே குனிந்து டைனமோவைத் திறப்பதற்கு எனக்குப் பொறுமை இல்லை. ராவுத்தரே ஒரு குறுக்கு வழியும் சொன்னார். பிரஷ்ஷை நடுவாக்கில் வைத்துவிடுவது. பகலில் முள் வலது ஓரத்துக்குப் போனால் ஹெட்லைட்டைப் போட்டுவிடுவது. மிஞ்சிய மின்சாரத்தை லைட்டுகள் தின்றுவிடும், பாட்டரி பிழைக்கும்.

அப்படித்தான் அந்தக் கோடை முழுவதும் உச்சி வெயிலில் ஹெட்லைட் எரிய ஓடினேன். நம் ஊரில் பகலில் ஒரு வண்டி லைட்டோடு போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். எதிரே வருகிற ஒவ்வொருவரும் கையைத் தூக்கி விரல்களைக் குவித்து விரித்துக் காட்டுவார்கள். "லைட்டு எரியுது" என்று அர்த்தம். மாட்டுவண்டிக்காரர், பஸ் டிரைவர், பருத்தி எடுக்கும் பெண்கள், ஆடு மேய்க்கிறவர், எல்லாரும். இவ்வளவு நல்ல ஜனங்களா என்று முதல் நாள் நெகிழ்ந்துபோனேன். மூன்றாம் நாள் எரிச்சல் வந்தது. அப்புறம் பழகிவிட்டது. கை காட்டினால் நானும் பதிலுக்கு ஒரு கையாட்டு. தெரியும்யா, தெரியும்.

லைட் ஸ்விட்ச் டேஷ் போர்டின் இடது பக்கத்தில் இருந்தது. அங்கே உட்காருவது என் மச்சான், மனைவியின் அண்ணன். சேவுகம்பட்டியைத் தாண்டி உள்ளே ஒரு ஊரில் அவர்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால். கொடிக்காலில் வேலை இல்லாத நாளெல்லாம் என் காரில்தான் இருப்பார். அவருக்கு நான் ஒரு உத்தியோகம் கொடுத்திருந்தேன். முள்ளைப் பார்ப்பது. ஓரத்துக்குப் போனால் ஸ்விட்சை இழுப்பது. இடப்பக்கம் சாய்ந்தால் தள்ளி அணைப்பது. இதை அவர் செய்தது போல ஒரு வேலையை யாரும் சிரத்தையாகச் செய்து நான் பார்த்ததில்லை. பேசும்போதுகூட முள்ளைப் பார்த்துக்கொண்டே பேசுவார்.

இனி என் மனைவியின் பாட்டு.

அவள் பாடுவாள். நன்றாகவே பாடுவாள். சின்ன வயதில் ஊரில் எந்த வீட்டில் தொட்டில் கட்டினாலும் தாலாட்டுப் பாட அவளைத்தான் கூப்பிடுவார்களாம். வயதுக்கு வந்ததும் அவள் அப்பா நிறுத்திவிட்டார். வீட்டுக்குள் முணுமுணுத்தால்கூட முறைப்பார். கல்யாணமான புதிதில், சட்டி கழுவும்போது அவள் தன்னை மறந்து பாடியதை நான் கேட்டேன். விடுவேனா? நச்சரித்து, திருச்சி ரேடியோ நிலையத்துக்கு எழுதிப் போட்டு, கூட்டிப்போய்ப் பாடிக் காட்டச் செய்து, கடைசியில் பெண்களுக்கான நிகழ்ச்சியில் இரண்டு பாட்டுப் பாடும்படி அழைப்பே வந்துவிட்டது.

மாமாவுக்கு, அதாவது அவள் அப்பாவுக்கு, விஷயம் எட்டியதும் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். "ஊரு ஒலகத்துக்குப் பாடிக் காட்டவா ஒன்னையக் கட்டிக் குடுத்தேன்?" என்று கேட்டதுதான் அவளிடம் கடைசியாகப் பேசியது. அதற்கப்புறம் கொடிக்காலில் அகத்தி மரம் சாய்ந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்தார். அவள் ஓடிப்போய்ப் பத்திய சமையல் செய்து போட்டாள். சாப்பிட்டார். பேசவில்லை.

பாட்டுக்கு நாள் வந்தது. அந்தக் காலத்தில் ரேடியோவில் பாடுவது என்றால் அங்கேயே உட்கார்ந்து அந்த நேரத்தில் பாடுவது. முந்தின நாளே ரயிலேற வேண்டும். நான் வேட்டி சட்டையெல்லாம் மடித்து வைத்துக்கொண்டு தயாராக நின்றேன்.

"நீங்க வர வேணாம். மதினி என்கூட வரட்டும்" என்றாள். மதினி என்றது என் அக்காவை. "நீங்க எங்க ஊருக்குப் போங்க. அப்பா அதக் கேக்கணும். ஊரு கேக்குதோ இல்லையோ, எங்கப்பா கேக்கணும். கேட்டுட்டு வைஞ்சாலும் சரி."

சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டிக்குள் ஏற்கெனவே மடித்து வைத்த சேலையை எடுத்து மறுபடி மடித்தாள்.  கேட்க வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கொடுத்த பிறகுதான் யோசித்தேன். அந்த ஊரில் கரண்ட் கிடையாது. பஞ்சாயத்து ரேடியோ ஒன்று உண்டு, ஆறு வோல்ட் பாட்டரியில் ஓடுவது. அந்தப் பாட்டரி சார்ஜ் ஏற்ற வத்தலக்குண்டுக்குப் போய் நெடுநாளாகத் திரும்பி வரவில்லை. மாமாவைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போகவும் முடியாது. அசைந்தால் உயிர் போகிற வலி. அப்போது எனக்குப் பொறி தட்டியது. என் காரின் பாட்டரியும் ஆறு வோல்ட்! காரை மாமாவின் கட்டில் பக்கத்தில் நிறுத்தி, பாட்டரியிலிருந்து ரேடியோவுக்குக் கம்பி கொடுத்தால் முடிந்தது. நடுக்கூடத்தில் தனியாகக் குதித்தேன்.

ஒரே ஒரு சிக்கல். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது ரேடியோ வைத்தால் டைனமோவின் பொறி ரேடியோவுக்குள் கரகரவென்று புகுந்துவிடும், பாட்டு கேட்காது. ஆகவே எஞ்சினை நிறுத்திவிட்டு, பாட்டரியின் பலத்தில் மட்டும்தான் ரேடியோவை ஓட்ட வேண்டும். என் பாட்டரியோ கிழம். நிரம்ப ஏற்றிக்கொண்டு போனால்தான் நிகழ்ச்சி முடியும்வரை தாங்கும். அவளை ரயிலேற்றிவிட்டு வந்ததும் டைனமோவைத் திறந்து மூன்றாவது பிரஷ்ஷை நன்றாக முன்னால் தள்ளி இறுக்கினேன். நாளைக்குப் போகிற வழியிலேயே பாட்டரி வயிறு முட்டக் குடித்துவிடும்.

மறுநாள் காலை மச்சான் வந்து ஏறினார். "மச்சான், இன்னைக்குப் பாட்டரிதான் முக்கியம். முள்ளு மேல ஒரு கண்ணு இருக்கட்டும்" என்றேன். "அத நான் பாத்துக்கிறேன் மாப்ள. நீங்க ரோட்டப் பாருங்க" என்றார்.

நான் ரோட்டைப் பார்த்தேன். என்ன ஒரு காலை! செம்பட்டி ரோட்டில் இரண்டு பக்கமும் புளியமரங்கள், நடுவில் என் கார், என் மனைவி திருச்சியில் மைக்குக்கு முன்னால். பாடத் தெரியாத நானே பாடிக்கொண்டு ஓட்டினேன். "முள்ளு எப்படி மச்சான்?" என்று நடுநடுவே கேட்டேன். "சரியா இருக்கு மாப்ள, நடுவுல நிக்குது" என்றார். அந்தப் பதில் காதில் விழுந்ததே தவிர மண்டைக்குள் இறங்கவில்லை. வழியெல்லாம் ஜனங்கள் கை காட்டினார்கள். செம்பட்டி தாண்டியதும் ஒரு மாட்டுவண்டிக்காரர் வண்டியிலேயே எழுந்து நின்று இரண்டு கையாலும் விரலை விரித்து விரித்துக் காட்டினார். அவருக்கு நான் ஒரு சலாமே வைத்தேன்.

மாமா வீட்டு வாசலில் தென்னை மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் அவரைப் படுக்க வைத்திருந்தார்கள். கட்டிலுக்கு ஒட்டினாற்போலக் காரை நிறுத்தினேன். ஊரே கூடிவிட்டது. பஞ்சாயத்து ரேடியோவைத் தலையில் சுமந்துகொண்டு வந்து காரின் படியில் இறக்கினார்கள்.

"வாங்க மாப்ள" என்றார் மாமா. அந்த மரியாதை எனக்கு. ரேடியோவைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு?" என்றார்.

"நீங்க பாட்டுக் கேக்க மாமா."

"நான் கேக்குறேன்னு சொன்னேனா?"

"சொல்லல மாமா."

"அம்புட்டுதான். எந்திரிச்சுப் போக முடியாதவன்னு தெரிஞ்சுதான வந்திருக்கீக?" என்று முகத்தைக் கொடிக்கால் பக்கம் திருப்பிக்கொண்டார். வாஸ்தவம். அவரால் எழுந்து போக முடியாது என்பதுதான் எங்களுடைய ஒரே பலம். அதை அவர் முகத்துக்கு எதிரே சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ரேடியோவுக்கு ஏரியல் கட்ட வேண்டும். மரமேறுகிறவர் ஒருவர் கம்பியை இடுப்பில் செருகிக்கொண்டு தென்னையில் ஏறினார். எர்த்துக்கு இன்னொரு கம்பியை, ஈரமான வாய்க்கால் கரையில் கடப்பாரை அடித்து அதில் சுற்றினோம். மேலேயிருந்து அவர் கத்தினார்.

"சார், லைட்டு எரியுது!"

"எரியட்டும்யா! நீ கம்பியக் கட்டு!" என்று நான் கீழேயிருந்து கத்தினேன்.

கூட்டத்தில் ஒரு அம்மாவும் என்னிடம் மெதுவாக வந்து விரலைக் குவித்து விரித்துக் காட்டினாள். "தெரியும்மா" என்றேன், கொஞ்சம் கடுமையாகவே. ஏரியல் மரத்துக்கு மரம் மாறி, சிக்கி, அறுந்து, மறுபடி கட்டி முடிக்க வெகுநேரம் பிடித்தது. அவ்வளவு நேரமும் கார் வெயிலில் நின்றது.

கடைசியில் பாட்டரியில் கம்பிகளை மாட்டி ரேடியோவின் குமிழைத் திருகினேன். உள்ளே விளக்கு பீடி நெருப்பு மாதிரி லேசாகச் சிவந்தது. சத்தம் இல்லை. காதை வைத்துப் பார்த்தேன். கொசு ரீங்காரம்கூட இல்லை.

மரத்திலிருந்து இறங்கிய மனிதர் காரின் முன்பக்கம் போய் ஹெட்லைட் கண்ணாடியைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். "நான் அப்பயே சொன்னேன்ல, எரியுதுன்னு. சுடுது பாருங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். லைட்டுகள் மங்கிப்போய், மஞ்சளாக, ஆனால் எரிந்துகொண்டுதான் இருந்தன. மச்சானைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"முள்ளு ஓரத்துக்குப் போச்சு மாப்ள. லைட்டப் போட்டேன். நீங்கதான சொல்லியிருந்தீக?"

"எப்பப் போட்டீங்க?"

"திண்டுக்கல்லு தாண்டுனதுமே."

"இன்னைக்கு முள்ளு ஓரத்துக்குப் போகணும் மச்சான்! இன்னைக்கு ஒரு நாளாச்சும் போகணும்! அதுக்குத்தானய்யா நான் தலைகீழாக் கெடந்து பிரஷ்ஷத் தள்ளுனேன்!" என்று கத்தினேன். என் கோபம் அப்படி. கத்தும்போதே அவர் முகம் சுருங்கிப்போவதைப் பார்த்தேன். பாவம், தங்கை பாட்டைக் கேட்க வந்த மனுஷன். ஊரெல்லாம் ரோடெல்லாம் எனக்குக் கை காட்டியதே, ஒரு கோடை முழுக்கத் தப்பாகச் சொன்ன ஜனங்கள் அன்றைக்கு ஒரு நாள் சரியாகச் சொன்னார்களே, நான் சலாம் அல்லவா வைத்தேன்!

கட்டிலிலிருந்து மாமாவின் குரல் வந்தது. "பகல்ல வெளக்கு. நல்லா இருக்குய்யா ஒங்க படிப்பு." அவர் குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது. கேட்காமல் தப்பித்தோம் என்கிற நிம்மதி. அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. திருச்சியில் அவள் இன்னும் கொஞ்ச நேரத்தில் பாட உட்காரப்போகிறாள். இவர் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டுதான் பாடப்போகிறாள்.

"மச்சான், ஸ்பானர் எடுங்க" என்றேன்.

அரை மணிக்கு மேல் நேரம் இருந்தது. லைட்டை அணைத்து, கம்பிகளைக் கழற்றி, ரேடியோவைக் கீழே இறக்கி வைத்துவிட்டுக் காரின் அடியில் புகுந்தேன். டைனமோவின் தகட்டைக் கழற்றி, மூன்றாவது பிரஷ்ஷின் திருகைத் தளர்த்தி, முன்னால் தள்ளினேன். ஏற்கெனவே தள்ளி வைத்ததுதான். இன்னும் இடம் இருந்தது. போகிறவரை தள்ளினேன். ராவுத்தர் எச்சரித்த இடத்தையெல்லாம் தாண்டி, இதற்குமேல் நகராது என்கிற இடத்தில் வைத்து இறுக்கினேன். டைனமோ வெந்தால் வேகட்டும்.

ஸ்டார்ட்டர் செத்துக் கிடந்தது. முன்னால் ஹேண்டிலைச் செருகி மச்சான் சுற்றினார். இருமியது. மறுபடி சுற்றினார். மறுபடியும் இருமல். ஊரே "ஏலே, விடாத, விடாத" என்று கத்தியது. என்னிடம் வாங்கிய ஏச்சையெல்லாம் சேர்த்து ஒரு சுற்று சுற்றினார் பாருங்கள், எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஊர் ஊளையிட்டது.

நிறுத்தி வைத்து முடுக்கினால் ரேடியேட்டர் கொதித்துவிடும். காற்று வேண்டும், ஓட வேண்டும். தார் ரோட்டில் ஏறினேன். மச்சான் பக்கத்தில். முள் சரசரவென்று வலது ஓரத்துக்கு ஓடி அங்கேயே முட்டி நின்றது. ஆகா! அதைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. மச்சானின் கை தானாக ஸ்விட்சை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. அவர் கையை மடக்கித் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

சைக்கிளில் கூடவே வந்த இளவட்டங்கள், "வேகமாப் போங்க சார், இன்னும் வேகமா!" என்று கத்தினார்கள். நான் போகவில்லை. காலும் உடம்பும் பறக்கத் துடித்தன. ஆனால் வேகம் கூடினால் சார்ஜ் குறையும், எனக்குத் தெரியும். முள் எந்த வேகத்தில் ஓரத்தில் முட்டுகிறதோ அந்த வேகத்தில் பிடித்தேன். அவசரத்திலும் அவசரமான நாளில் நிதானமாக ஓட்டுவது எவ்வளவு கஷ்டம்! சைக்கிள்காரர்கள் என்னை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். போனேன், திரும்பினேன், மறுபடி போனேன். டைனமோவிலிருந்து சூடான வார்னிஷ் வாடை வர ஆரம்பித்தது. அப்புறம் கருகல் வாடை. மச்சான் மூக்கைச் சுளித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அதே வேகத்தில் ஓட்டினேன். ஊருக்குள் திரும்பும் வளைவில் முள் திடீரென்று துள்ளி விழுந்து இடது பக்கம் சாய்ந்தது. டைனமோ போய்விட்டது. ஏறியவரைக்கும்தான்.

கட்டில் பக்கத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். ரேடியோவைப் படியில் ஏற்றிக் கம்பிகளை மாட்டினேன். குமிழைத் திருகினேன். உள்ளே விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஒரு நிமிஷம் உறுமிவிட்டு, யாரோ ஒரு அம்மாள் எலுமிச்சை ஊறுகாய்க்கு எவ்வளவு உப்பு என்று கணீரென்று சொன்னாள். ஊறுகாய்க்கு அவ்வளவு கைதட்டல் எந்த ஊரிலும் கிடைத்திருக்காது.

அடுத்து, திண்டுக்கல் என்று சொல்லி அவள் பெயரைச் சொன்னார்கள். கூட்டம் ஒரேயடியாக அடங்கியது. மாமா கொடிக்கால் பக்கம் திரும்பின முகத்தைத் திருப்பவில்லை.

முதலில் ஒரு முருகன் பாட்டு. குரலில் லேசாக நடுக்கம் இருந்தது, இரண்டாவது அடியிலேயே போய்விட்டது. எங்கள் வீட்டுச் சட்டிபானைகளுக்கு மட்டும் தெரிந்த குரல், இப்போது தென்னை மரத்தடியில் நின்ற எல்லாருக்கும் தெரிந்தது.  மச்சான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மாமாவின் முதுகு மட்டும் எங்களுக்குத் தெரிந்தது. அது அசையவில்லை.

இரண்டாவது, தாலாட்டு. அந்தப் பக்கத்துத் தாலாட்டுதான், அவள் சிறுபிள்ளையாக வீடு வீடாகப் போய்ப் பாடியது. பிள்ளைக்கு மாமன் சீர் கொண்டுவருவதெல்லாம் பாடி, கடைசிக் கண்ணியில் தாயின் பிறந்த ஊரைச் சொல்லி முடிப்பது வழக்கம். பாதிப் பாட்டிலேயே சத்தம் மெலிந்துகொண்டு வந்தது. பாட்டரி இறங்குகிறது. உள்ளே விளக்கு மறுபடி சிவக்க ஆரம்பித்தது. குமிழை முழுக்கத் திருகினேன். பயனில்லை. அவள் குரல் தூரமாகப் போய்க்கொண்டே இருந்தது.

"மாப்ள."

மாமா திரும்பியிருந்தார். இடுப்பெலும்பு முறிந்தவர், யாரும் தொடாமல், தானாகவே இந்தப் பக்கம் புரண்டிருந்தார். வலியில் முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"சத்தம் கொறையுது மாப்ள. ஏதாச்சும் செய்யிங்க."

என்னால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. எஞ்சினைக் கிளப்பினாலும் டைனமோ இல்லை. கம்பியோ குட்டை, ரேடியோவை நகர்த்த முடியாது. "கட்டிலத் தூக்குங்கப்பா" என்றேன். ஆளுக்கொரு காலாகப் பிடித்து, கட்டிலோடு அவரைத் தூக்கிக் காரின் படிக்கு ஒட்டி இறக்கினார்கள். அவர் ரேடியோவின் முன்பக்கத்துத் துணியில் காதை வைத்துக்கொண்டார். எங்களுக்கு அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். கண்ணை மூடியிருந்தார். உதடு மட்டும் பாட்டோடு அசைந்தது. இந்தப் பாட்டு அவருக்கு ஒரு அடி விடாமல் தெரிந்திருக்கிறது! கொஞ்ச நேரத்தில் உதடு நின்றது. கண்ணைத் திறந்து ரேடியோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விளக்கு அணைந்துபோயிருந்தது.

  கட்டிலைப் பழைய இடத்துக்குத் தூக்கிப்போனார்கள். நான் காரை அங்கேயே போட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்தேன்.

மறுநாள் காலை திண்டுக்கல் ஸ்டேஷனில் ரயில் நிற்பதற்கு முன்பே அவள் ஜன்னலில் தெரிந்தாள். இறங்கியதும் பாட்டு எப்படி என்று கேட்கவில்லை. "அப்பா கேட்டாரா?" என்றாள்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். லைட் எரிந்தது, மச்சானைத் திட்டியது, டைனமோ வெந்தது எல்லாம். அவள் எதையும் காதில் வாங்கவில்லை. "சத்தம் கொறையுதுன்னு சொன்னாரா? அப்பாவா? தானாத் திரும்பியா?" என்று அதையே கேட்டாள். பெட்டியை அக்காவிடம் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் நேராக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

மாமா அதே தென்னை மரத்தடியில் படுத்திருந்தார். அவள் கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றாள். ரயில் கரி படிந்த முகம், கசங்கின சேலை. கிட்டே போகப் பயம். 

"வாத்தா" என்றார் மாமா. அப்புறம் கட்டில் கயிற்றை நெருடினார். 

"கடைசிக் கண்ணி காதுல விழல தாயி. நம்ம ஊரு வருமே. அதுக்குள்ள நின்னு போச்சு." பிறகு, யாரையும் பார்க்காமல், "அத மட்டும் இப்பப் பாடு" என்றார்.

அவள் போய்க் கட்டில் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அது என்ன அத மட்டும்? மொதல்ல இருந்தே பாடுறேன்ப்பா" என்றாள்.